நாளைக்கு வேயும் கூரை!

பெரம்பலூர் மாவட்டத்தில் மழையைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாத மரம் ஒன்று இருக்கிறது. சாத்தனூரில் நீட்டிப் படுத்திருக்கிற கல்மரத்தைத்தான் சொல்கிறேன். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்தப் பிரதேசத்தில் கடல் அலையடித்துக் கொண்டிருந்த காலத்தில், மண்ணுக்குள் புதைந்து மெல்ல மெல்லக் கல்லாகிப் போன மரம் அது. நீளம் 18 மீட்டர். 1940-ம் ஆண்டில் புவியியல் அறிஞர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டு உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். மழை பெய்தால் என்ன, புயல் அடித்தால் என்ன? அது ஊறாது, உளுக்காது, பூசணம் பிடிக்காது.

ஆனால் அடுப்பில் வைத்து எரிக்கிற மரத்துக்கு அந்த யோகம் கிடையாது. நனைந்தால் நனைந்ததுதான். அதன் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். அந்தக் கூரையைப் பற்றியும், அது ஏன் எப்போதும் "அடுத்த வாரம்" வேயப்படுகிறது என்பதைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

"எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு. விறகுக் கொட்டகைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்று பட்டணத்துச் சகோதரிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டு மொட்டை மாடிக்கும் வரத்தான் போகிறேன்.

சிமெண்டு ஊரில் கீற்றுக் கொட்டகை

பெரம்பலூரும் அரியலூரும் ஒரு காலத்தில் திருச்சி ஜில்லாவோடு ஒட்டியிருந்தவை. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் ஒரு தடவை பிரிந்து, மறுபடியும் சேர்ந்து, கடைசியில் 2007-ம் ஆண்டு நவம்பரில் நிரந்தரமாகத் தனிக் குடித்தனம் போயிற்று. பெரம்பலூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமி; பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகிற மண். அரியலூர்ப் பக்கம் பூமிக்கு அடியில் சுண்ணாம்புக்கல். அதை நம்பித்தான் அங்கே சிமெண்டு ஆலைகள் எழும்பின; அரசு சிமெண்டு ஆலையும் 1979-ல் அரியலூரில் உற்பத்தியைத் தொடங்கியது. இன்னும் கிழக்கே போனால் ஜயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கங்களில் முந்திரித் தோப்புகள்.

ஊர் உலகத்துக்கெல்லாம் கான்கிரீட் கூரை போடச் சிமெண்டு அனுப்புகிற சீமை இது. ஆனால் கொல்லைப்புறத்தில் விறகு அடுக்குகிற கொட்டகை மட்டும் பழைய கொட்டகைதான். நாலு கால்கள், மேலே குறுக்கும் நெடுக்குமாக வாரையும் வரிச்சும், அதன்மேல் தென்னங்கீற்று அல்லது பனையோலை. கீற்று ஓரிரண்டு மழைக்குத் தாங்கும். பனையோலை இன்னும் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். எதுவானாலும் ஒருநாள் நைந்துபோகும். மாற்றித்தான் ஆக வேண்டும்.

காஸ் வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். வந்ததுதான். 2007 முதல் தமிழக அரசு இலவசமாகக் காஸ் அடுப்புக் கொடுத்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. ஆனாலும் கிராமத்து வீட்டில் விறகு அடுப்பு முழுக்க அணைந்து விடவில்லை. குளிக்க வெந்நீர் வேண்டும். நெல் அவிக்க வேண்டும். பொங்கலுக்கும் காதுகுத்துக்கும் பெரிய பானை ஏற்ற வேண்டும். சிலிண்டர் தீர்ந்து, கையில் பணமும் இல்லாத மாதக் கடைசி வேறு இருக்கிறது. அப்போதெல்லாம் காட்டிலிருந்து வந்த பருத்திமாரும், மக்காச்சோளத் தட்டையும், கழித்துப் போட்ட முந்திரிக் கிளையும், சீமைக் கருவேல் கட்டையும், சுவரோரம் தட்டிக் காயவைத்த வறட்டியுமே கை கொடுக்கின்றன. இத்தனைக்கும் அந்தக் கொட்டகைதான் களஞ்சியம்.

மாதத்துக்கு ஒரு சாக்கு

கூரை நைந்துவிட்டது என்பதை முதலில் கவனிப்பவள் வீட்டுக்காரிதான். தினமும் விறகு எடுக்கப் போகிறவள் அவள் அல்லவா? அண்ணாந்து பார்த்தால் ஓட்டை வழியாகச் சூரிய பகவான் சௌக்கியமா என்று விசாரிக்கிறார். அவள் உள்ளே வந்து சொல்கிறாள். அதற்கப்புறம் நடக்கிற சம்பாஷணை எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

சித்திரை: "ஏங்க, வெறவுக் கொட்டாய்க் கூரை பிஞ்சு கெடக்கு, பாத்தீங்களா?"

"இந்த வெயில்லயா கூரை மேல ஏறச் சொல்ற? மண்டை வெடிச்சிரும் புள்ள. மழைக்கு இன்னும் எவ்வளவோ நாளு கெடக்கு."

ஆனி: "உழவு ஓடுறப்ப ஊடு வேலை பாக்க முடியுமா?"

ஆடி: "ஆடியில போயி ஊட்டு வேலைய ஆரம்பிப்பாங்களா? வெதைக்கிற வேலை வேற தலைக்கு மேல நிக்குது."

ஆவணி: "கல்யாணம் கல்யாணமா வருது. மொய் வெக்கவே காசு பத்தல."

புரட்டாசி: "ஆளு சிக்கலையே! கூரை மேயற ஆளு ஊரு முச்சூடும் ஒருத்தருதான். அவரு கையக் காலப் புடிக்க வேண்டியிருக்கு."

ஐப்பசி: "தீபாவளி கழியட்டும்."

தீபாவளி கழிகிறது. வானமும் திறந்து கொள்கிறது.

கார்த்திகை: "கொட்டுற மழையில கூரை மேல ஏறி வழுக்கி வுழவா?"

தை பிறக்கிறது. அவள் விடாமல் மறுபடியும் கேட்கிறாள். வருகிற பதில்: "அதான் மழை வுட்டுப்போச்சே! இனிமே என்னாத்துக்குக் கூரை?"

இந்தப் பதில்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை. சித்திரை வெயில் நிஜம். ஆடியில் விதைப்பு நிஜம். புரட்டாசியில் ஆள் கிடைக்காததும் நிஜம். ஊரில் உள்ள கூரையெல்லாம் அந்த ஒரு மாதத்தில்தானே ஞாபகத்துக்கு வருகிறது! நியாயமான காரணங்களைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பங்கிட்டு வைத்தால், வருஷம் முழுவதும் நியாயமாகவே கழிந்துவிடுகிறது. கூரை மட்டும் பாக்கி.

மனிதர்கள் போடுகிற கணக்கு

இதில் நம்மூர் ஆண்பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. உலகம் பூராவும் இந்தக் கணக்கு இப்படித்தான் தப்புகிறது. கனடா நாட்டு உளவியல் அறிஞர் ரோஜர் பியூலரும் அவருடைய சகாக்களும் 1994-ல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக் கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம், "எத்தனை நாளில் முடிப்பீர்கள்?" என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. "எல்லாமே கோணலாகப் போனால்?" என்று கேட்டதற்கு, 49 நாள் என்றார்கள். உண்மையில் முடிந்தது 55 நாளுக்கு மேல்! மிக மோசமாகப் போனால் என்று அவர்களே போட்ட கணக்கைவிட அதிகம். இனி வரப்போகிற நாட்களில் தலைவலி, விருந்தாளி, ஆள் பஞ்சம் எதுவும் இருக்காது என்று நம் மனம் நம்பி விடுகிறது. போன வருஷம் இதே நம்பிக்கை என்ன ஆயிற்று என்பதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

வள்ளுவர் இதைக் கவனிக்காமல் விடுவாரா? மடியின்மை அதிகாரத்தில், கெட்டுப் போகிறவர்கள் ஆசைப்பட்டு ஏறுகிற நாலு மரக்கலங்களைச் சொல்கிறார். சோம்பல், மறதி, தூக்கம் ஆகிய மூன்றுக்கும் முன்னால் அவர் நிறுத்தி வைத்திருப்பது எது தெரியுமா? நெடுநீர், அதாவது, காலம் கடத்துவது. சோம்பேறி ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். காலம் கடத்துகிறவர் அப்படியல்ல. அவர் நாள் முழுவதும் ஏதாவது உழைத்துக் கொண்டே இருப்பார். அந்த ஒரு வேலையைத் தவிர!

மழைக்குத் தவணை தெரியாது

மற்ற வேலைகளைத் தள்ளிப்போட்டால் காத்திருக்கும். கூரை காத்திராது. ஏனென்றால் இந்த வேலைக்கு மறு தரப்பில் இருப்பது வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டுக்கு வருஷத்தில் கிடைக்கிற மழையில் ஏறத்தாழப் பாதி, சுமார் 44 சென்டிமீட்டர், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டுகிறது. சாதாரணமாக அக்டோபர் 20-ந் தேதி வாக்கில் தொடங்கும். ஐப்பசி பிறந்து மூன்று நாள்! தீபாவளி பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே, "தீபாவளி கழியட்டும்" என்றால், "மழை தொடங்கட்டும்" என்று அர்த்தம்.

அரியலூர்க்காரர்களுக்குக் கார்த்திகை மழை எப்படிப்பட்டது என்று சொல்லித் தர வேண்டியதில்லை. அவ்வூரை ஒட்டி ஓடுகிற மருதையாறு வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணலாய்க் கிடக்கிற ஆறு. 1956-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி விடியற்காலையில், அந்த ஆற்றில் வந்த வெள்ளம் ரயில் பாதையை அரித்துவிட்டது. சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அப்போது ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி, பொறுப்பைத் தம் தலைமேல் போட்டுக்கொண்டு ராஜினாமா செய்தார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் அருகே நடந்த ரயில் விபத்தின்போதே அவர் விலக முன்வந்தார். அப்போது நேரு சம்மதிக்கவில்லை. இந்தத் தடவை ஏற்றுக்கொண்டார்.

மணலாய்க் கிடக்கிற ஆறு ஒரே ராத்திரியில் எக்ஸ்பிரஸ் ரயிலை விழுங்குகிற ஊரில், ஓட்டைக் கூரை எம்மாத்திரம்? அத்தனை பெரிய துயரத்தையும் கொல்லைக் கொட்டகையையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். ஆனால் சாஸ்திரிஜி முன்னே கொண்டுவந்து நிறுத்திய கேள்வி சின்ன இடத்துக்கும் பொருந்தும்: பொறுப்பு யாருடையது, கஷ்டம் யாருடையது?

அடுப்படியில் நடப்பது

மழை பெய்கிறது. ஓட்டைக் கூரை ஒழுகி, பருத்திமார் கட்டு ஊறிக் கிடக்கிறது. விடிந்தால் அடுப்பு மூட்ட வேண்டும். இப்போது அடுப்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் விஞ்ஞான ரீதியாகப் பார்ப்போம்.

விறகு பற்றிக்கொள்ள வேண்டுமானால் ஏறக்குறைய 300 டிகிரி சூடு வேண்டும். ஆனால் அதற்குள் தண்ணீர் தங்கியிருக்கிற வரை, அந்த இடத்தில் 100 டிகிரிக்கு மேல் சூடு ஏறாது. தண்ணீர் முழுவதும் ஆவியாகிப் போன பிறகுதான் விறகு எரியத் தொடங்கும். ஒரு பாத்திரத்துத் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் ஆகிறதோ, அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் வேண்டும், அதே தண்ணீரை ஆவியாக்கித் தீர்க்க. அதாவது, பானையில் உலை கொதிப்பதற்கு முன்னால், விறகுக்குள் இருக்கிற உலை கொதித்து வற்றியாக வேண்டும்! அதுவரை விறகிலிருந்து கிளம்புகிற வாயுக்கள் எரியாமல் அப்படியே வெளியே வருகின்றன. அதற்குத்தான் புகை என்று பெயர்.

அந்தப் புகையைக் குடிப்பது யார்? "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று சொன்னவர் அல்ல. அவர் திண்ணையில் உட்கார்ந்து, "இன்னுமா காப்பித் தண்ணி ஆகல?" என்று கேட்டுக் கொண்டிருக்கிறார். ஊதாங்குழலும் கையுமாகக் குனிந்து, கண்ணில் நீர் வழிய ஊதிக் கொண்டிருப்பவள், சித்திரையிலேயே எச்சரிக்கை கொடுத்த அதே வீட்டுக்காரிதான். அவள் இடுப்பில் இருக்கிற குழந்தையும் சேர்ந்து இருமுகிறது.

இது வெறும் கண்ணெரிச்சல் சமாசாரமும் அல்ல. வீட்டுக்குள் எழுகிற அடுப்புப் புகை முதலியவற்றால் 2020-ம் ஆண்டில் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். உலர்ந்த விறகும் புகைக்கத்தான் செய்கிறது. ஆனால் நனைந்த விறகு அதே சோற்றுக்கு இன்னும் அதிக நேரம், இன்னும் அதிகப் புகை கேட்கிறது.

தள்ளிப்போடுகிற பழக்கம் இவ்வளவு நாள் செழிப்பாக இருப்பதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நாள் கடத்துகிறவர் ஒருவர். அதற்கு அபராதம் கட்டுகிறவர் இன்னொருவர். தன் கையைச் சுடாத நெருப்பை அணைக்க யாருக்கு அவசரம் வரும்?

என்ன செய்யலாம்?

முதல் காரியம், "மழைக்கு முன்னால்" என்று சொல்வதை நிறுத்துவது. அது தேதி அல்ல. "விநாயகர் சதுர்த்திக்குள் கூரை முடிந்திருக்க வேண்டும்" என்று சொன்னால் அது தேதி. எந்த நாளில், எந்த இடத்தில், எப்படிச் செய்வது என்று முன்கூட்டியே குறித்துக் கொள்கிறவர்கள்தான் எண்ணியதை அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்று உளவியல் அறிஞர் பீட்டர் கோல்விட்சர் எடுத்துக் காட்டியிருக்கிறார். பழைய கூரையைப் பிரித்து மேய்வது புது மனை கட்டுவது அல்ல. ஆடி மாதம் அதற்குக் குறுக்கே நிற்காது. கூரை மேயும் ஆளுக்கு ஆனியிலேயே அச்சாரம் கொடுத்துவிட்டால் புரட்டாசியில் கெஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது, முழுக் கூரைக்கும் வசதியில்லை என்றால் பாதியையாவது மேயலாம். பாதி விறகு உலர்ந்திருந்தால் பாதி அழுகை மிச்சம். "செய்தால் முழுசாகச் செய்வேன்" என்கிற ரோஷந்தான் பல கொட்டகைகளை மொட்டையாக வைத்திருக்கிறது.

மூன்றாவது, விறகைத் தரையில் குவிக்காமல், கல் வைத்து, மேலே கட்டை போட்டு, ஒரு அடி உயரத்தில் அடுக்க வேண்டும். மண்ணின் ஈரம் ஏறாது. கறையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும். மழைக்காலத்தில் விறகுக் குவியலில் தவளையும் எலியும் ஒதுங்கும்; அவற்றைத் தேடிப் பாம்பு வரும். இருட்டில் கை விடாமல், விளக்கை அடித்துப் பார்த்து, கோலால் தட்டிவிட்டு எடுப்பது நல்லது. கடித்துவிட்டால் கீறுவது, கட்டுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

நான்காவது, கூரைக்குப் பதிலாகப் பிளெக்ஸ் பேனர்! இது இந்தக் காலத்து யுக்தி. ஊருக்கு வந்துபோன தலைவர் கைகூப்பிச் சிரித்தபடி விறகின் மேல் குப்புறப் படுத்திருப்பார். அவசரத்துக்குப் பாதகமில்லை. ஆனால் நாலு புறமும் இழுத்து மூடிக் கட்டிவிட்டால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியின்றி விறகு வேர்த்துப் பூசணம் பிடிக்கும். மேலே மறைப்பு, பக்கத்தில் காற்று: இதுதான் சூத்திரம்.

விறகு அடுக்குவதில் இவ்வளவு இருக்கிறதா என்று சிரிக்காதீர்கள். பனி கொட்டுகிற நார்வே நாட்டில், 2013-ம் ஆண்டு பிப்ரவரியில், விறகைப் பற்றி மட்டுமே 12 மணி நேரம் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்தினார்கள். வெட்டுவது, பிளப்பது, அடுக்குவது. அப்புறம் விடிய விடிய ஒரு அடுப்பு எரிவதை நேரடியாகக் காட்டினார்கள். அதைப் பார்த்துக் கொண்டிருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். எதற்கு? விறகை அடுக்கும்போது பட்டை மேல்பக்கம் இருக்க வேண்டுமா, கீழ்ப்பக்கம் இருக்க வேண்டுமா என்று! அங்கே விறகு உலரவில்லை என்றால் குளிரில் வீட்டில் எல்லோரும்தான் நடுங்க வேண்டும். அபராதத்தில் எல்லோருக்கும் பங்கு இருப்பதால், அக்கறையிலும் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது.

ஆகவேதான் ஐந்தாவதாக ஒன்று சொல்கிறேன், இதுதான் முக்கியமானது. கூரைக்கான பணமும், தேதி குறிக்கிற அதிகாரமும் அடுப்படியில் நிற்பவள் கையில் இருக்கட்டும். வெங்காயம் விற்ற காசோ, பருத்தி விற்ற காசோ, வீட்டுக்குள் வருகிற அன்றே கீற்றுக்கு என்று ஒரு பங்கை அவளிடம் ஒதுக்கிவிட்டால், ஆளைக் கூப்பிட்டு முன்பணம் கொடுக்க அவளுக்குத் தெரியும். ஓட்டை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

மொட்டை மாடிக்கு வருவோம்

பட்டணத்துச் சகோதரிகளே, வாக்குக் கொடுத்தபடி வந்துவிட்டேன். உங்கள் வீட்டில் விறகுக் கொட்டகை இல்லை. ஆனால் மொட்டை மாடியில் மழைத் தண்ணீர் வடிகிற குழாய் வாயில் வேப்பஞ்சருகு அடைத்துக் கொண்டிருக்கிறதா, இல்லையா? மழைத் தண்ணீர் உள்ளே அடிக்கிற ஜன்னல் ஒன்று இருக்கிறதல்லவா? காஸ் அடுப்பின் ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும். அதன்மேல் அச்சிட்டிருக்கிற வருஷத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? 2015-ம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது, ரேஷன் கார்டையும் பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டுகளையும் தேடி அலைந்த வீடுகள் எத்தனையோ. பீரோவின் அடித்தட்டில் இருந்ததை மேல்தட்டுக்கு மாற்ற ஆகிற நேரம் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் நாம் வருஷக்கணக்கில் தேடிக் கொண்டிருக்கிறோம்.

இங்கேயும் கணக்கு அதேதான். ஜன்னலைச் சரி பார்க்கக் கார்பெண்டரைக் கூப்பிட வேண்டியவர் ஒருவர். சாரலில் நனைந்த தரையை நடு ராத்திரியில் எழுந்து துடைப்பவர் இன்னொருவர்.

ஆகையால் இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் பாக்கி நிற்கிற "கூரை" எதுவோ, அதற்கு ஒரு தேதி குறித்து, நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, வீட்டுக்காரர் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டுங்கள். "அதுக்கென்ன, பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் கோபித்துக் கொள்ளாதீர்கள். ஒழுகுகிற ஜன்னலுக்கு அடியில் அவருடைய படுக்கையைப் போட்டுவிடுங்கள். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துச் சகோதரிகளுக்கு இன்னும் சுலபம்: நனைந்த பருத்திமார் ஒரு கட்டு, ஊதாங்குழல் ஒன்று, இரண்டையும் அவர் கையில் கொடுத்து, "இன்னிக்கு வெந்நீர் நீங்க போடுங்க" என்று சொன்னால் போதும். கூரை மேயும் ஆள் எங்கிருந்தாலும் மறுநாளே கிடைத்துவிடுவார்!